கூண்டு யாருக்கு?

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



காட்டு வண்டிக்கு இரும்புக் கூண்டு கட்டும் தொழிலைப் பற்றி நாங்கள் பேசப் போகிறோம் என்று அறிவித்தபோது, சிலர் சிரித்தார்களாம். பால்மரம் வெட்டுகிறவனுக்கும் சேற்றில் பந்தயம் ஓடும் வண்டிக்கும் என்ன உறவு என்பது அவர்கள் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். வார இறுதியில் ஹுலு லங்காட் பக்கத்துக் காட்டுப் பாதையில் ஏறி இறங்குவதற்காக ஒருவர் தம் வண்டிக்குச் செய்யும் செலவில், தோட்டத்துக் குடும்பம் ஒன்று பல மாதம் சாப்பிடலாம். அது அவர் பணம். அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை.

ஆனால் அந்தக் கூண்டுக்குக் குழாய் வளைப்பவர் யார், பற்ற வைப்பவர் யார் என்று பாருங்கள். கிள்ளானிலும் காப்பாரிலும் மேருவிலும் உள்ள பட்டறைகளுக்குள் நுழைந்தால், வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு "வாங்கண்ணே" என்று கூப்பிடுகிறவர்களில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் பலர். நாங்களும் அந்தக் கூட்டந்தான். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, எங்கள் பெற்றோர் கத்தியை வைத்துவிட்டு வெளியேறினார்கள். நாங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டோம். இந்தப் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ரயில்வே தொழிலாளர்களும் செந்தூல் ரயில்வே பட்டறை ஆட்களும் நமக்கு முன்னாலேயே இரும்பு வேலையில் பேர் எடுத்தவர்கள். ஆகவே இந்தத் தொழில் நமக்கு வேற்றூர்ச் சரக்கு அல்ல.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பணக்காரர் பொழுதுபோக்குக்காகத் தேடிப் போகிற செம்மண் சரிவும் சேறும் பள்ளமும், தோட்டத்தில் நாம் நாள்தோறும் வேலைக்குப் போகிற பாதை. அவர் கூண்டுக்குள் பட்டை மாட்டிக்கொண்டு போகிறார். நம்மவர் அதே மாதிரி வண்டியின் பின்தட்டில் நின்றுகொண்டு போகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கூண்டு என்பது என்ன? வண்டி கவிழ்ந்து கூரை தரையில் மோதினாலும், உள்ளே இருப்பவர் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் நிற்க வேண்டும். அதற்காக இரும்புக் குழாயால் கட்டிய எலும்புக்கூடுதான் கூண்டு. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய வளைவு; முன் கண்ணாடியை ஒட்டி இன்னொரு வளைவு; இரண்டையும் கூரையோரமாக இணைக்கும் குழாய்கள்; பின் வளைவிலிருந்து சாய்வாக இறங்கிப் பின்பக்கத்தில் ஊன்றும் இரண்டு முட்டுகள். மொத்தம் ஆறு கால்கள். இதுதான் குறைந்த அளவு. மற்றதெல்லாம் இதன்மேல் சேர்க்கும் வலு.

வண்டிக்குப் பாதுகாப்புக் கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வண்டியை முதன்முதலாகக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், தோட்டத்துத் துரைமார் பலர் தங்கள் கார்களுக்கும் லேண்ட் ரோவர்களுக்கும் இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். சன்னலுக்குப் பதில் தகட்டில் ஒரு பிளவு. அதன் வழியாகப் பார்த்து ஓட்டுவது. உயிருக்கு அஞ்சியவர் செய்துகொண்ட ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே விடியற்காலையில், அதே நிரைகளுக்கு, வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்து போன ஆணுக்கும் பெண்ணுக்கும் தகடு அடித்துத் தந்தவர் யாருமில்லை. வயதானவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் தாய் தந்தையர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பிற்காலத்தில் காடு விளையாட்டுக் களமாயிற்று. 1993இல் கேமல் டிராபி என்னும் உலகப் போட்டி சபாவில் நடந்தது. கூண்டு கட்டிய லேண்ட் ரோவர் வண்டிகள் வந்தன. மலியாவ் பள்ளத்தாக்கில் அப்போது அமைத்த தங்குமிடத்தை இன்றும் அந்தப் போட்டியின் பெயராலேயே அழைக்கிறார்கள். 1997இல் லூயிஸ் ஜே.ஏ. வீ என்பவர் 'மழைக்காட்டுச் சவால்' என்ற போட்டியை நம் நாட்டிலேயே தொடங்கினார். மழை கொட்டுகிற ஆண்டிறுதியில், வேண்டுமென்றே, நடத்துகிற போட்டி அது. மழை பெய்தால் நமக்குப் பால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை. அவர்களுக்கோ மழை இல்லாவிட்டால் பந்தயத்தில் சுவை இல்லை!

சரி, தொழிலுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பளபளவென்று சாயம் பூசிய பிறகு நல்ல கூண்டும் மோசக் கூண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

முதலாவது குழாய். மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் அனைத்துலகச் சம்மேளனமான எப்.ஐ.ஏ. தன் விதிப் புத்தகத்தில், மூட்டு இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த கார்பன் எஃகுக் குழாய் வேண்டுமென்று சொல்கிறது. பின் வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50க்கு 2. மற்றவற்றுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. இவை குறைந்த அளவுகள். எஃகின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 350 நியூட்டனுக்குக் குறையக் கூடாது.

நம் ஊரில் சிலர் தண்ணீர்க் குழாயில் கூண்டு கட்டச் சொல்கிறார்கள். "இது இன்னும் தடிப்பாக இருக்கிறதே" என்பார்கள். தடிப்பு உண்மைதான். ஒன்றரை அங்குலத் தண்ணீர்க் குழாய் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், கனம் ஏறத்தாழ 3.2. கணக்குப் போட்டால் மீட்டருக்கு மூன்றரைக் கிலோ. எப்.ஐ.ஏ. சொல்கிற 45க்கு 2.5 குழாயோ மீட்டருக்கு 2.6 கிலோதான். கூண்டுக்கு இருபது மீட்டர் செல்லும் என்றால், தண்ணீர்க் குழாயில் கட்டியது பதினெட்டு பத்தொன்பது கிலோ அதிகம். அதுவும் வண்டியின் உச்சியில். இந்தக் கனத்துக்குப் பலன் உண்டா? அந்தக் குழாய் தண்ணீரைக் கொண்டுபோகச் செய்தது. தகட்டைச் சுருட்டி நெடுக ஒட்டிய மூட்டு அதில் உண்டு. வளைக்கும்போதும் அடிபடும்போதும் அந்த மூட்டு என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இன்னொன்று. தண்ணீர்க் குழாயில் துத்தநாகம் பூசியிருக்கும். அதைப் பற்ற வைத்தால் வெள்ளைப் புகை எழும். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்று இரவு குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். பழைய தோட்டத்து ஆட்கள் பார்த்தால் மலேரியா என்றே சொல்வார்கள். ஓரிரு நாளில் இறங்கிவிடும். ஆகவே பட்டறையில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பால் நல்ல உணவு. அது புகைக்கு மருந்தல்ல. பூச்சை முழுதும் அகற்றுங்கள், காற்றோட்டம் வையுங்கள், சுவாச மூடி அணியுங்கள். பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து நடுங்கினால் தாய்மார்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இன்றைக்கு என்ன குழாயடா பற்ற வைத்தாய்?" என்பதுதான்.

அடுத்தது வளைவு. மணலை அடைத்து நெருப்பில் காய்ச்சி வளைக்கும் பழைய கொல்லன் முறை வேலிக்கும் கதவுக்கும் சரி; கூண்டுக்கு ஆகாது. குளிர்நிலையில், அச்சுள்ள வளைப்பானில் வைத்து, வளைவின் ஆரம் குழாய் விட்டத்தில் மூன்று மடங்குக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். வளைந்த இடத்தில் குழாய் சப்பையாகவோ மடிப்பு விழுந்தோ இருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிட வேண்டியதுதான். பணம் போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். தள்ளத்தான் வேண்டும். கூண்டு மடங்குவது என்றால் அந்த இடத்திலிருந்துதான் மடங்கத் தொடங்கும்.

ஒரு குழாய் இன்னொரு குழாயில் போய்ச் சேரும் இடத்தில் அதன் முனையை வளைந்த வாயாக வெட்ட வேண்டும்; மீன் வாய் என்று பட்டறையில் சொல்வோம். அந்த வாய் மற்றக் குழாயைக் கவ்வி உட்கார வேண்டும். இடைவெளி விட்டு, அதைப் பற்றுக் கம்பியால் நிரப்பி மெழுகுவது கள்ள வேலை. சுற்றிலும் முழு வட்டமாகப் பற்ற வைக்க வேண்டும். கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பக்கத்துக்குக் கை எட்டாது என்று பாதி வட்டத்தோடு விட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. கவிழும்போது அடி விழுவது அங்கேதான்.

பற்றவைப்பின் ஆழத்தைப் பால்வெட்டுக்காரருக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம், பட்டை முடிச்சு விழும். வெல்டிங்கும் அப்படியே. சூடு குறைந்தால் உருகிய இரும்பு மேலே புழுப்போல் உட்கார்ந்திருக்கும், உள்ளே பிடித்திருக்காது. சூடு மிகுந்தால் குழாய் ஓட்டை. நல்ல கையின் வேலை செதில் செதிலாக, ஒரே அளவாகத் தெரியும். பற்றிய இடத்தை அரைத்து வழவழப்பாக்கிப் புட்டி பூசிக் கொடுக்கிறவரிடம் சற்று எச்சரிக்கையாகவே இருங்கள்.

கல்யாணப் பந்தல் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: நான்கு கால் நட்டு மேலே கழி போட்டால் மட்டும் பந்தல் நிற்காது, ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். குறுக்கே சாய்வாக ஒரு கழி கட்ட வேண்டும். சதுரம் நெளியும், முக்கோணம் நெளியாது. ஆகவே பின் வளைவில் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குழாய் போடுகிறோம். பார்வைக்கு மறைக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. எடுத்தால் மிஞ்சுவது காற்றுக்குச் சாய்கிற பந்தல்தான்.

கால்கள் ஊன்றும் இடம் எல்லாவற்றையும்விட முக்கியம். மெல்லிய தரைத் தகட்டின்மேல் குழாயை நேராக நிறுத்தினால், கவிழும்போது கூண்டு முறியாது. தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போய்விடும். அதனால்தான் விதிப்படி ஒவ்வொரு காலின் அடியிலும் 3 மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள வலுத்தகடு வேண்டும். 8 மில்லிமீட்டர் போல்ட் மூன்றேனும் வேண்டும். ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் போன்ற வண்டிகளில் இன்னொரு சிக்கல். அவற்றின் உடல் வேறு, சேஸி வேறு. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் மெத்தைகள் இருக்கின்றன. கூண்டைச் சேஸியோடு இறுகக் கட்டினால் உடல் ஆடும்போது தகடு கிழியும். உடலோடு மட்டும் கட்டினால் பிடிப்புப் போதாது. தரையைத் துளைத்துச் சேஸிக்குக் கொண்டுபோய், அங்கே ரப்பர் புஷ் வைத்துப் பிடிப்பது நாங்கள் மேற்கொள்ளும் வழி. முழங்கையளவு இரும்புக்கு நடுவில் விரலளவு ரப்பர். அது இல்லாவிட்டால் மற்றது நிற்காது. இதைச் சொல்லும்போது எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நீங்கள் யார் என்பது தெரிந்துதானே பேசுகிறோம்!

டயர் விஷயமும் அப்படியே. சேற்று டயரின் கட்டைகள் கல்லிலும் வேரிலும் பட்டுப் பிய்ந்துபோகாமல் இருக்கவும், பெரிய டயர்கள் சூடேறாமல் ஓடவும், இயற்கை ரப்பரின் கிழியாத் தன்மை இன்றும் தேவைப்படுகிறது. தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் சில்வர்ஸ்டோன் ஆலை செய்த எம்.டி. 117 என்னும் டயரைக் காட்டுப் பந்தயக்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டுவது வழக்கம். டயர் பரந்து பிடிக்கும். நெடுஞ்சாலைக்கு வந்ததும் திரும்ப அடைக்க மறந்தால் சூடேறி வெடிக்கும்.

வின்ச் என்பது வண்டியின் மூக்கில் பூட்டிய இழுவை உருளை. வண்டியின் மொத்தக் கனத்தில் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. எழுதியிருக்கும் திறன் உருளையின் முதல் சுற்றுக்குத்தான். கயிறு அடுக்கடுக்காகச் சுற்றச் சுற்ற இழுவை குறையும். ஒரு கப்பியைப் போட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தால், வேகம் பாதியாகும், இழுவை இரட்டிப்பாகும். கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டைபோல் வீசும். அதன் வழியில் ஆள் நிற்கக் கூடாது. நனைந்த சாக்கு ஒன்றைக் கயிற்றின்மேல் போட்டுவையுங்கள். அறுந்தாலும் கீழே அமுக்கும்.

கயிற்றை மரத்தில் கட்டும்போது அகலமான பட்டையை அடிமரத்தோடு சுற்றித்தான் கட்ட வேண்டும். வெறும் கம்பியைச் சுற்றி இழுத்தால் பட்டை வளையமாக அறுந்துபோகும். அப்படி அறுந்த மரம் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பால்மரத்தில் கம்பியைச் சுற்றியிருந்த வண்டிக்காரரைப் பார்த்து ஓர் அம்மாள் போட்ட கூச்சல் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. "பெத்த புள்ள மாதிரி வளத்த மரமய்யா!" என்றார். மரமோ தோட்டத்துடையது, அம்மாளுடையது அல்ல. அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை.

மூச்சுக்குழாய் பற்றி ஒரு வார்த்தை. ஆறு கடக்கும் வண்டிக்கு எஞ்சின் காற்றை இழுக்கும் வாயைக் கூரை வரை உயர்த்துகிறார்கள். தண்ணீர் உள்ளே போனால் அது காற்றுப்போல் அமுங்காது. எஞ்சினின் தண்டுகள் வளைந்துவிடும். ஆழமும் இழுப்பும் தெரியாத ஆற்றில் இந்தக் குழாயை நம்பி இறங்குவது மடமை.

இப்போது எல்லாரும் விரும்பிச் செய்யும் வேலைக்கு வருவோம். சுருளை மாற்றி வண்டியை உயர்த்துவது. தோற்றம் கம்பீரமாக இருக்கும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கிராணிமார்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம்.

சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதன் கனத்தின் மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஓடாமல் நிற்கும் நிலையில் அது 45 டிகிரி சாயும் வரை கவிழாது. பத்து சென்டிமீட்டர் உயர்த்தினால் 41 டிகிரியில் கவிழும். இனி வண்டியை உயர்த்தாமல், பின்தட்டில் அறுபது கிலோ ஆட்கள் பத்துப் பேரை நிறுத்துங்கள். வண்டி 1,900 கிலோ, ஆட்கள் 600 கிலோ. நிற்கிற ஆளின் கனம் தரையிலிருந்து ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும். மொத்த மையம் ஒரு மீட்டருக்கு ஏறிவிடும். கவிழும் சாய்வு 37 டிகிரிக்கு வந்துவிடும். அதே பத்துப் பேர் தட்டிலேயே உட்கார்ந்தால் 41 டிகிரிக்கும் சற்று மேல். இது நிற்கும் வண்டிக்குப் போட்ட கணக்கு. திருப்பத்தில், வேகத்தில், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, நிற்கும் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாயும்போது, இவ்வளவு சாய்வுகூடத் தேவைப்படாது.

பத்துப் பேரை நிற்க வைத்து ஏற்றுவது, பந்தயக்காரர் பணம் கொடுத்து வண்டியை உயர்த்துவதைவிடப் பெரிய மாற்றம். பந்தயக்காரர் அதைச் செய்தவுடன் கூண்டு கட்டுகிறார். தோட்டத்தில் யார் கட்டுகிறார்கள்?

சென்ற ஆண்டு எங்களிடம் ஒரு குத்தகைக்காரர் வந்தார். பல இடங்களுக்கு ஆள் ஏற்றிப்போய் வேலை செய்விக்கிறவர். பிக்கப்பின் பின்தட்டில் நல்ல பளபளப்பான வளைவுக் குழாய் ஒன்று போட்டுத் தரச் சொன்னார். கடைகளில் அலங்காரத்துக்கு விற்கிறார்களே, அந்த மாதிரி. "ஆட்கள் பிடித்துக்கொள்ளவும் ஆகும், கவிழ்ந்தாலும் தாங்கும், கேட்கிறவர்களிடம் கூண்டு இருக்கிறது என்று சொல்லலாம்" என்றார். வண்டியில் அவருடைய ஆட்கள் சிலர் இருந்தார்கள். இரண்டு மூன்று பேர் வங்காளதேசத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் நம் பெண்கள், அதில் ஒருவர் வயதானவர். நாங்கள் அளவு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மா கேட்டார்: "தம்பி, இந்தக் கொழாய் எங்களப் புடிச்சிக்குமா, இல்ல நாங்கதான் இதப் புடிச்சிக்கணுமா?"

பத்து ஆண்டு தொழில் பழகினாலும் இதைவிடச் சரியாகக் கேட்க முடியாது. கூண்டு காப்பது தனக்குள் உட்கார்ந்து, பட்டையால் இருக்கையோடு கட்டுண்டு இருப்பவரைத்தான். பட்டை இல்லாதவர் கவிழும்போது கூண்டுக்கு வெளியே பறப்பார். அல்லது அதே குழாயில் தலை மோதிச் சாவார். பந்தயக்காரர் தலைக்கவசம் போட்டுக்கொள்வதும், குழாய்மேல் கடினமான நுரை மெத்தை சுற்றுவதும் இதற்காகத்தான். அன்றாடம் சாலையில், தலைக்கவசமின்றி ஓட்டும் வண்டிக்கு முழுக் கூண்டு கட்டச் சொல்கிறவர்களிடம் வேண்டாமென்றே நாங்கள் சொல்கிறோம்; சிறு மோதலில்கூடத் தலைக்குப் பக்கத்தில் இரும்பு இருப்பது ஆபத்து. பின்தட்டில் நிற்கும் ஆளுக்கோ, அந்த அலங்காரக் குழாய் கைப்பிடியாக மட்டுமே உதவும். வண்டி புரண்டால், அவர் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தக் குழாயே அவர்மேல் விழும்.

குத்தகைக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் கெட்ட மனிதரல்லர், செலவைப் பார்க்கிறவர். பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கணக்குப் போட்டோம். உண்மையான கூண்டு, சேஸி வரை கால்கள், முன்னோக்கிய இருக்கைகள், ஒவ்வொன்றுக்கும் பட்டை. அதற்குமேல் ஜே.பி.ஜே. என்னும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், வண்டியின் அமைப்பை மாற்ற இலாகாவின் இசைவு வேண்டும். பட்டறைக்காரர் பற்ற வைத்துவிட்டார் என்பதால் அது சட்டப்படி ஆகிவிடாது. பெருக்கிக் கூட்டிப் பார்த்தபோது, பட்டை உள்ள பழைய பயணிகள் வேன் ஒன்று அதைவிட மலிவு என்று வந்தது. அவர் வேனை வாங்கினார். எங்களுக்கு ஒரு வேலை போயிற்று. போகட்டும்.

டிராக்டரிலும் இதே கதை உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. டிராக்டர் கவிழ்ந்து உழவர்கள் நசுங்கிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ஸ்வீடன் நாடு 1959இல் புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே அந்தச் சாவுகள் படிப்படியாக அருகிப்போயின. அமெரிக்காவில் தொழிலாளர் ஓட்டும் டிராக்டர்களுக்கு 1976 அக்டோபருக்குப் பின்தான் அந்த விதி வந்தது. இரண்டு இரும்புத் தூணும் ஒரு பட்டையும், அவ்வளவுதான் பொருள். ஆனால் அதுவும் ஓட்டுநருக்கு மட்டுமே. மட்கார்டில் தொற்றிக்கொண்டு வருபவருக்கோ டிரெய்லரில் பழக்குலைமேல் உட்கார்ந்து வருபவருக்கோ அந்தத் தூண் எதுவும் செய்யாது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? சுங்கை பூலோவில் 1991ஆம் ஆண்டு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து உயிர்கள் பலியானதற்குப் பிறகு, 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலாளி வேலையிலுள்ள ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை அகற்றாவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. வழுக்கும் சரிவில் நெரிசலான பின்தட்டில் ஏற மறுக்கும் ஒருவர் இந்தப் பிரிவை நினைவில் வைத்திருக்க வேண்டும். தனியாக மறுப்பது கடினம். பெரட்டுக் களத்திலேயே, ஏறுவதற்கு முன், நான்கு பேர் சேர்ந்து கேட்பது எளிது.

கிராணிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளேட்டில் செக்ரோல் எழுதுகிற அதே கையால், எந்த வண்டியில், எத்தனை பேர், எந்த டிவிசனுக்குப் போனார்கள் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, பின்தட்டில் ஏறும் ஆட்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குப் பெர்கேசோவின் கீழ் நிவாரணம் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்திருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு, அவன் வண்டியிலேயே இல்லை என்று சொல்லிவிட யாருக்கும் இடம் கொடுக்காதிருப்பது உங்கள் அந்த ஒரு வரிதான்.

இளைஞர்களே, வெல்டிங் பழக விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்களைப் பாருங்கள். வளைத்த குழாய்த் துண்டுகள் ஐந்தாறு கொண்டுவந்திருக்கிறோம். இரண்டு மோசமானவை, எவை என்று நீங்களே கையால் தடவிக் கண்டுபிடியுங்கள்.